அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிரெஞ்சு ஓட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்குக் கிளம்புகிற தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளில் இது கண்டிப்பாக இருக்கும்: "வாழ்க்கையில் ஒருமுறைதான் போகிறோம், அந்தக் காலனி காலத்துப் பெரிய ஓட்டலில் தங்கினால் என்ன?" தங்கலாம். ஆனால் எதற்காகத் தங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு தங்க வேண்டும். அந்த ஓட்டலுக்குக் கொடுக்கும் பணத்துக்கு முழுப் பலன் கிடைப்பது இரவில் அல்ல, நடுப்பகலில். காலையிலும் சாயங்காலத்திலும் கோயில், வெயில் உச்சியில் ஓட்டல் என்று நாளைப் பிரித்துக்கொள்கிறவர்களுக்கே அது பொருந்தும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வரலாம்.

எந்த ஓட்டலைச் சொல்கிறீர்கள்?

ராஃபிள்ஸ் கிராண்ட் ஓட்டல் த அங்கோர். 1932இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் எர்னஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். 1917 தீவிபத்துக்குப் பிறகு கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரை மறுபடி திட்டமிட்டவரும், ஹனோயில் பல அரசுக் கட்டடங்களை எழுப்பியவரும் இவரே. நகரின் வடக்கு ஓரத்தில், அரச பூங்காவைப் பார்த்தபடி நிற்கிறது. ஓட்டல் இருக்கும் சார்ல்ஸ் த கோல் சாலையில் நேராக வடக்கே போனால் அங்கோர் வாட்டின் அகழிதான். வண்டியில் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம்.

காட்டுக்கு நடுவில் இருந்த சின்ன ஊரில் 1932இல் இவ்வளவு பெரிய ஓட்டல் எதற்கு?

இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தக் கட்டடத்தைப் பார்க்கும் பார்வையே மாறும். கம்போடியா 1863இல் பிரான்சின் பாதுகாப்பு ஆட்சிக்குள் வந்தது. சியெம் ரீப்பும் அங்கோரும் அப்போது சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பிடியில் இருந்தன. 1907 உடன்படிக்கையில்தான் கம்போடியாவுக்குத் திரும்பின. அடுத்த ஆண்டே பிரெஞ்சுக் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளி கோயில்களைக் காடு நீக்கிச் சீரமைக்கத் தொடங்கியது. 1925இல் அங்கோர் தொல்லியல் பூங்கா அமைந்தது. கப்பலில் சைகோன் வரை வந்து, அங்கிருந்து காரில் வந்த பணக்கார ஐரோப்பியர்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. அங்கோர் வாட்டுக்கு எதிரில் அதற்கு முன்பு இருந்தது ஒரு சின்ன பங்களாதான்.

ஆக, அந்த வராந்தாக்களும் உயரமான கூரைகளும் கெமர் மக்களின் நாட்டை வேறொருவர் ஆண்டபோது, வந்து பார்க்கும் வேற்றுநாட்டாருக்காக எழுந்தவை. அழகை ரசிக்க இது தடையல்ல. ஆனால் "அந்தப் பொற்காலம்" என்று விளம்பரம் சொல்லும்போது, யாருக்குப் பொற்காலம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. 1953இல் நாடு விடுதலை பெற்றது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் லட்சக்கணக்கான மக்கள் இறந்தார்கள், சுற்றுலா அடியோடு நின்றது. அதன் பிறகும் நீண்ட உள்நாட்டுப் போர். ராஃபிள்ஸ் நிறுவனம் பழுதுபார்த்து, புதிய பகுதிகளும் சேர்த்து, 1997இல் மறுபடி திறந்தது. இன்று உங்களை வரவேற்கும் ஊழியர்களில் பலர் அந்த ஆண்டுகளைக் கடந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள்.

உள்ளே பழையதாக எது மிச்சம் இருக்கிறது?

கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படும் கூண்டு லிஃப்ட். மரமும் இரும்புக் கம்பியுமாக இன்னும் ஓடுகிறது. அப்புறம் நடுவில் உள்ள முதன்மைக் கட்டடம், அதன் படிக்கட்டு, நீண்ட நடைகள். பின்புறத் தோட்டத்தில் 35 மீட்டர் நீள நீச்சல் குளம். அங்கோரின் அரச நீராட்டுக் குளங்களை மனத்தில் வைத்து அமைத்தது என்று சொல்வார்கள். உண்மையான ஸ்ரா ஸ்ராங் குளத்தை நேரில் பார்த்த பிறகு இங்கே இறங்கினால் அந்த ஒப்புமை புரியும்.

பக்கத்துச் சிறகுகளில் உள்ள பல அறைகள் 1990களில் சேர்ந்தவை. நன்றாகவே இருக்கும், ஆனால் 1932இன் அறைகள் அல்ல. பழைய கட்டடத்தில்தான் தங்க ஆசை என்றால் முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். வந்து இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

"காலனி பாணி" என்று போட்டிருக்கும் எல்லா ஓட்டல்களும் பழையவையா?

இல்லை. சியெம் ரீப்பில் வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல் பலகை, சுழலும் மின்விசிறி வைத்த ஓட்டல்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை 2000க்குப் பிறகு கட்டியவை. தரமாக இருக்கலாம், விலையும் குறைவு. பழமைக்காகப் போகிறவர்கள் கட்டிய ஆண்டைக் கேட்டுவிட வேண்டும். அமன்சாரா என்ற இன்னொரு புகழ்பெற்ற விடுதியையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது விடுதலைக்குப் பின், 1960களில், அப்போது நாட்டுத் தலைவராக இருந்த சிஹானுக்கின் விருந்தினர்களுக்காக எழுந்தது. தட்டைக் கூரையும் நேர்கோடுகளுமாக முற்றிலும் வேறு அழகு. காலனி காலத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

இவ்வளவு கொடுத்துத் தங்குவது தகுமா?

உங்கள் நாள் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் சுற்றுலாத் திட்டம் என்றால் வேண்டாம். தூங்க மட்டும் இவ்வளவு செலவு தேவையில்லை.

நான் பரிந்துரைக்கும் நாள் இப்படி இருக்கும். விடியும் முன் கிளம்பி, பத்தரை மணி வரை கோயில். பதினொன்றுக்கு ஓட்டல். குளியல், சாப்பாடு, தூக்கம், குளத்தங்கரை, புத்தகம். மூன்றரைக்கு மறுபடி கிளம்பி, கோயில் மூடும் வரை. நடுவில் விடும் அந்த நாலைந்து மணி நேரம் வீண் அல்ல. கல் சூடேறிக் கண் கூசும் வெயிலில் புடைப்புச் சிற்பங்கள் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் உருவங்கள் எழுந்து வரும். இப்படி மூன்று நாள் பார்த்தவருக்கு, ஓடி ஓடி ஒரே நாளில் எட்டுக் கோயில் பார்த்தவரைவிட நிறைய நினைவில் நிற்கும். இந்த முறைக்கு ஓட்டல் கோயிலுக்கு அருகில் இருக்க வேண்டும், பகலில் இருக்க மனம் வரும் இடமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இங்கே சேர்ந்து வருகின்றன.

வாடகையில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தெரியும் தொகையோடு 10 சதவீத மதிப்புக் கூட்டு வரியும், 2 சதவீதத் தங்கும் வரியும், சேவைக் கட்டணமும் சேரலாம். மொத்தத் தொகை எவ்வளவு என்று பார்த்த பிறகு ஒப்பிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை விலை ஏறும், மே முதல் செப்டம்பர் வரை இறங்கும்.

கோயில் நுழைவுச் சீட்டை ஓட்டலிலேயே வாங்கலாமா?

அங்கோர் பாஸ் அரசு விற்பது. ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் பாஸைப் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டும் பயன்படுத்தலாம், ஏழு நாள் பாஸை ஒரு மாதத்துக்குள். சீட்டில் உங்கள் படம் இருக்கும், இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இலவசம், ஆனால் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. கம்போடியக் குழந்தைகளுக்கு இலவச மருத்துவம் தரும் இடம் அது.

சீட்டு மையம் கோயிலுக்குப் போகும் நேர்ச் சாலையில் இல்லை, கிழக்கே தள்ளி வேறு சாலையில் இருக்கிறது. காலை அவசரத்தில் அங்கே போய் நிற்காமல், அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்பே வாங்கிவிடுவது உத்தமம். நேரில் வாங்குவதானால் முந்தின நாள் மாலை ஐந்து மணிவாக்கில் போங்கள். மறுநாளுக்கான சீட்டோடு அன்றைய அந்தியையும் பார்க்க விடுவார்கள்.

சூரிய உதயம் பார்த்தே ஆக வேண்டுமா?

அங்கோர் வாட் மேற்கு நோக்கிய கோயில். அதனால் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்; இடது பக்கக் குளத்தில் நிழல் விழும். காட்சி உண்மையிலேயே பெரியது, கூட்டமும் பெரியது. ஒரு நாள் பாருங்கள். ஐந்து மணிக்கு வாசல் திறக்கும். ஓட்டலில் முந்தின இரவே சொல்லி வைத்தால் காலைச் சிற்றுண்டியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள்.

முக்கியமானது அதற்கு அடுத்த ஒரு மணி நேரம். படம் எடுத்த கூட்டம் பசியோடு ஓட்டலுக்குத் திரும்பும். நீங்கள் திரும்ப வேண்டாம், உள்ளே போங்கள். தென்கிழக்கு மண்டபத்தில் பாற்கடல் கடையும் காட்சி ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. நடுவில் திருமால், கீழே ஆமை, ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர். நமக்குக் கதை தெரியும் என்பதால் வழிகாட்டி இல்லாமலேயே வாசித்துவிடலாம். மேற்கு மண்டபங்களைச் சாயங்காலத்துக்கு வையுங்கள். தெற்குச் சிறகில் குருக்ஷேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். வடக்குச் சிறகில் இலங்கைப் போர், அனுமன் தோளில் இராமன், எதிரில் பத்துத் தலை இராவணன். மாலை வெயில் நேராக அந்தச் சுவரை நோக்கி வரும். கோயிலின் முகப்பைப் படம் எடுக்கவும் அதுவே நேரம்.

அங்கோர் வாட்டைக் கட்டியது சோழர்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

தவறு. கட்டியது கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில். உழைத்தவர்கள் கெமர் மக்கள், கல் வந்தது குலேன் மலை அடிவாரத்திலிருந்து. "வர்மன்" என்று முடிவதால் பல்லவர் என்று சொல்வதும் நிற்காது. அந்தப் பட்டம் தென்கிழக்கு ஆசியா முழுக்க வழங்கியது. இந்தச் செய்தியைக் கம்போடிய வழிகாட்டியிடம் பெருமையாகச் சொல்லும் நம்மவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அவர்களுடைய கொடியிலேயே இருக்கும் கோயில் அது.

உண்மையான தொடர்புகளே போதுமான அளவு அழகானவை. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வளர்ந்தது. காம்போஜ (கம்போடிய) மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. முதலாம் குலோத்துங்கனுக்கு காம்போஜ மன்னன் காட்டிய ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக அங்குள்ள கல்வெட்டு பேசுகிறது. இரு அரசுகள் சமமாக உறவாடிய செய்தி இது. ஒன்று மற்றொன்றைக் கட்டிக் கொடுத்த கதை அல்ல.

தமிழர்கள் தவறவிடக் கூடாத கோயில் எது?

பந்தே ஸ்ரீ. சந்தேகமே இல்லை. நகரிலிருந்து 35 கிலோமீட்டர் போல, காரில் ஒரு மணி நேரம். பொது ஆண்டு 967இல் எழுந்த சிவன் கோயில். கட்டியவர் அரசர் அல்ல, யஜ்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். இளஞ்சிவப்பு மணற்கல்லில், தச்சர் மரத்தில் இழைத்தது போன்ற வேலைப்பாடு. தெற்கு நூலகக் கட்டடத்தில் ஒரு பக்கம் கயிலையை அசைக்கும் இராவணன், மறுபக்கம் சிவன்மேல் கணை தொடுக்கும் காமன்.

கிழக்குக் கோபுர வாசலின் முகப்பில் கூத்தாடும் சிவனைக் கண்டுபிடியுங்கள். அவன் காலடிக்குப் பக்கத்தில் வற்றிய உடலும் தொங்கிய மார்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் சிற்பத்தில் நாம் பார்த்துப் பழகிய அதே அம்மை. அந்தக் கோயிலுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கடலுக்கு அப்பால் ஒரு கெமர்ச் சிற்பி அவளைச் செதுக்கிவிட்டான். திருவாலங்காட்டுப் பாடல்களை எழுதிய ஒரு பெண்ணின் உருவம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தின் உச்சம் அங்கோர் வாட் கோபுரங்கள் அல்ல, இந்தச் சின்ன முகப்புத்தான்.

வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கோயில் சிறியது, பேருந்துக் கூட்டம் வந்துவிட்டால் நிற்க இடம் இருக்காது. திரும்பி மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் இருக்கலாம்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் விளக்கிச் சொல்ல வேண்டும். கெமர்ச் சமையலில் மீன் சாறும், ப்ரஹோக் என்ற புளிக்க வைத்த மீன் விழுதும் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் சேரும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு வரும். மீன் சாறு, ப்ரஹோக், இறால் விழுது, சிப்பிச் சாறு, முட்டை என்று ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். பெரிய ஓட்டலில் தங்குவதன் உண்மையான வசதி இதில் தெரியும்: முன்பதிவின்போதே எழுதிவிட்டால் சமையற்கூடம் தனியாகச் செய்து தரும். தேங்காய்ப்பாலில் காய்கறி அமொக் கேட்டுப் பாருங்கள், நம் நாக்குக்குப் பிடிக்கும். பழைய சந்தைப் பக்கம் இந்திய உணவகங்களும் இருக்கின்றன, தயிர்சாதம் இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு.

வயதான அப்பா அம்மாவை, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்குத்தான் இந்த ஓட்டலை முதலில் சொல்வேன். மத்தியான ஓய்வு அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, தேவை. பந்தே ஸ்ரீயில் படிகள் குறைவு. தா ப்ரோமில் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். மரவேர்கள் விழுங்கிய அந்தக் கோயிலில் நம் இந்தியத் தொல்லியல் துறை நீண்ட காலமாகச் சீரமைப்பு செய்கிறது, அதைச் சொன்னால் பெரியவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அங்கோர் வாட்டின் உச்சி மாடத்துக்கான படி மிகச் செங்குத்து, மூட்டு வலி இருப்பவர்கள் கீழேயே இருக்கட்டும். சிறு குழந்தைகளை அங்கே ஏற விடுவதில்லை. குரங்குகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள். பை பறிபோகும், கடியும் கிடைக்கும்.

என்ன உடுத்துவது?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சல்வார், வேட்டி எல்லாம் சரி. தோள்மேல் துண்டைப் போட்டுக்கொண்டால் உச்சி மாடத்தில் ஏற்க மாட்டார்கள். அங்கோர் வாட்டின் மேற்கு வாசலில் எட்டுக் கை திருமால் சிலை ஒன்று இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவார்கள். நீங்களும் கும்பிடலாம், அவர்களை மறைத்துக்கொண்டு படம் எடுக்கக் கூடாது.

ஓட்டலுக்குப் பக்கத்தில் நடந்து பார்க்க ஏதாவது?

எதிரில் உள்ள அரச பூங்கா. மரங்களில் நூற்றுக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும், அந்தி சாயும்போது கூட்டமாகக் கிளம்பும். பூங்காவை ஒட்டி ப்ரே ஆங் செக், ப்ரே ஆங் சோம் என்ற இரு புத்தர் சிலைகளுக்கான சின்னக் கோயில் இருக்கிறது. தாமரை மொட்டும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு ஊரே வரும் இடம். அங்கோர் இடிபாடு அல்ல, நம்பிக்கை தொடரும் மண் என்று அங்கே பத்து நிமிடம் நின்றால் புரியும்.

எந்த மாதம் போவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுகமான காலம், கூட்டமும் அப்போதுதான். ஏப்ரல் வெயில் கடுமை. எனக்குப் பிடித்தது மழைக்காலம். அகழிகள் நிறைந்து, கல்லில் பாசி படர்ந்து, ஓட்டல் வாடகையும் குறைந்திருக்கும். மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும். வராந்தாவில் உட்கார்ந்து பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. கொசு மருந்து மட்டும் மறக்காதீர்கள், டெங்கு உண்டு.

எப்படிப் போவது, என்ன பணம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது பாங்காக்கில் மாறிப் போவதுதான் வழக்கமான வழி. சியெம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது. நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், காரில் ஒரு மணி நேரம் பிடிக்கும். பழைய பதிவுகளில் "பத்து நிமிடம்" என்று இருந்தால் அது மூடிய பழைய நிலையத்தைப் பற்றியது. ஓட்டலிலிருந்து கார் அனுப்பச் சொல்லலாம், கட்டணத்தை முன்பே கேளுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு வேண்டாம். இ-விசாவை அரசு இணையதளத்திலேயே எடுங்கள், அதேபோன்ற பெயரில் தரகர் தளங்கள் நிறைய. தாய்லாந்திலிருந்து சாலை வழியாக வரத் திட்டமிடாதீர்கள். 2025இல் இரு நாடுகளுக்கும் சண்டை மூண்டு எல்லை வாசல்கள் மூடப்பட்டன.

டாலரும் ரியலும் இரண்டும் செல்லும், ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியல் அளவு. கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகள் கையில் இருக்கட்டும். டுக்-டுக் ஓட்டுநர் ஒருவரை மூன்று நாளுக்கும் பேசிக்கொள்வது நல்லது. மத்தியானம் உங்களை ஓட்டலில் விட்டுவிட்டு மறுபடி வரச் சொல்வதற்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். அவருக்கு அது இரண்டு சுற்று வேலை.